ஸ்கோர் பத்தும்மா

என் அத்தான் பதினோரு நாள் ஐசியூவில் கிடந்தார். சிறுநீர்த் தாரையில் ஆரம்பித்த கிருமி ரத்தத்துக்கு ஏறி, செப்சிஸ் என்றார்கள். "பிழைச்சிடுவாரா டாக்டர்?" என்று அக்கா கேட்டதற்கு அந்த இளம் டாக்டர், "சோஃபா ஸ்கோர் பத்தும்மா, நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, "பத்துன்னா நல்லதாடா, கெட்டதா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து படித்தேன்.

ஐசியூ என்பதே அப்படியொன்றும் பழைய சமாச்சாரம் இல்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி நோயாளிகள் மூச்சுவிட முடியாமல் தவித்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அதற்கென்று அங்கே தனிப் பிரிவு வந்துவிட்டது. பிறகு ஊர் ஊராய் ஐசியூ பெருகியது. செலவும் பெருகியது. இத்தனை செலவழித்து யார் பிழைக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்க வழியில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் சாவு அதிகமென்றால் வைத்தியம் மோசமா, வந்த நோயாளிகளே மோசமான நிலையில் வந்தார்களா?

அந்தக் கேள்விக்குத்தான் வாஷிங்டனில் வில்லியம் க்னாஸ் குழுவினர் 1981இல் ‘அபாச்சி’ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் 34 அளவுகள் பார்க்கவேண்டியிருந்தது. 1985இல் அதை 12 ஆகச் சுருக்கினார்கள். காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, ரத்தத்தில் உப்பு, நினைவு என்று முதல் 24 மணி நேரத்தில் கண்ட மிக மோசமான அளவுக்கு மார்க். அதோடு வயது, பழைய வியாதி. மொத்தம் 71. இதில் அதிக மார்க் வாங்கினால் ஆபத்து! 13 ஆஸ்பத்திரிகளில் 5,815 பேரை வைத்துச் சோதித்தார்கள்.

அடுத்த வருஷம் வந்த ஆராய்ச்சிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 13 ஆஸ்பத்திரிகளையும் இந்தக் கணக்கால் ஒப்பிட்டார்கள். ஓரிடத்தில் 69 பேர் இறப்பார்கள் என்று கணக்கு சொன்னது. இறந்தது 41 பேர்தான். இன்னோரிடத்தில் எதிர்பார்த்ததைவிட 58 சதவீதம் கூடுதல் சாவு. காரணம் என்ன? மெஷின் அதிகமா? மருத்துவக் கல்லூரி என்ற பெருமையா? இரண்டும் இல்லை. டாக்டர்களும் நர்ஸ்களும் எவ்வளவு ஒத்துப்போய், ஒருவருக்கொருவர் பேசி வேலை பார்த்தார்கள் என்பதோடுதான் அந்த வித்தியாசம் பெரும்பாலும் பொருந்தி வந்தது. நோயாளியை எடைபோடச் செய்த தராசு ஆஸ்பத்திரியை எடைபோட்டுவிட்டது.

அத்தானுக்குச் சொன்ன ‘சோஃபா’ வேறு. நாம் உட்காருகிற சோஃபா இல்லை! 1994இல் பாரிஸில் ஐரோப்பிய டாக்டர்கள் கூடி வகுத்தது. 1996இல் பிரஸ்ஸல்ஸ் டாக்டர் ழான் லூயி வின்சென்ட்டும் சகாக்களும் வெளியிட்டார்கள். நுரையீரல், ரத்தத் தட்டணுக்கள், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை, மொத்தம் 24. யார் பிழைப்பார் என்று ஜோசியம் சொல்ல இது வரவில்லை, உறுப்புகள் எப்படித் தளர்கின்றன என்று நாள்தோறும் குறித்துவைக்கத்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஜோசியத்துக்கும் அதையே எடுத்துக்கொண்டோம். 2001இல் பிரஸ்ஸல்ஸில் 352 பேரைப் பார்த்ததில், முதல் 48 மணி நேரத்தில் ஸ்கோர் ஏறியவர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். இறங்கியவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் குறைவு. ஆக, ஒருநாள் எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அதிகம் பேசுகிறது. அப்போதும் அது கூட்டத்துக்குச் சொல்லும் கணக்குதான். அந்த 27இல் அத்தான் ஒருவரா இல்லையா என்று அதனால் சொல்ல முடியாது.

இதெல்லாம் படிக்காமலே அக்காவுக்கு ஏதோ புரிந்திருக்கிறது. தினமும் காலையில் நர்ஸிடம் எண்ணைக் கேட்டு மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் எழுதி வந்திருக்கிறாள்: 10, 11, 11, 9, 8, 6. அதற்குக் கீழே ராத்திரி டியூட்டி நர்ஸின் பெயர். விடியற்காலை மூன்று மணிக்கு ரத்த அழுத்தம் சரிந்ததைப் பார்த்து டாக்டரை எழுப்பிக் கூட்டி வந்தது அந்தப் பெண்தானாம். அத்தான் வீட்டுக்கு வந்தபின்னும் அந்த பில் அக்காவின் பர்ஸில்தான் இருக்கிறது.