சியோல்: இடித்த மேம்பாலமும் அதன் கீழே இருந்த கடைகளும்

பழைய சிஸ்டத்தை ரிப்பேர் பண்ணுவதா, எடுத்துவிடுவதா? எங்கள் தொழிலில் அடிக்கடி வரும் கேள்வி. ஒரு நகரமே தன் நெடுஞ்சாலையைப் பற்றி இப்படிக் கேட்டுக்கொண்ட கதை இது.

தென்கொரியத் தலைநகர் சியோலின் நடுவே ஓடும் ஓடை சொங்கேச்சோன். கொரியப் போருக்குப் பிறகு கரையெங்கும் குடிசைகள், ஓடை சாக்கடையாகிப்போச்சு. 1958-இல் அதைக் கான்கிரீட் போட்டு மூட ஆரம்பித்தார்கள். 1967 முதல் 1976 வரை அதன்மேல் 5 கி.மீ.க்கும் அதிகமான நீளத்தில் உயர்மட்டச் சாலை எழும்பியது. அன்றைக்கு அதுதான் முன்னேற்றத்தின் அடையாளம்.

1990களில் பாலம் அரித்துப்போயிருந்தது. 1994-இல் அதே நகரில் சொங்சு பாலம் இடிந்து 32 பேர் பலி. மறுவருஷம் சம்பூங் வணிக வளாகம் சரிந்து 502 பேர் பலி. இதற்கப்புறம் "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்"னு யாரால் சொல்ல முடியும்? பெருஞ்செலவில் பழுதுபார்க்கணும், இல்லையென்றால் இடிக்கணும்.

இடிப்பேன் என்று வாக்குறுதி கொடுத்த லீ மியூங்-பாக், 2002-இல் மேயரானார். 2003 ஜூலையில் வேலை தொடங்கி, 2005 அக்டோபர் 1-இல் ஓடை திறக்கப்பட்டது. பயந்த அளவுக்கு நகரம் ஸ்தம்பிக்கவில்லை.

"சாலையை எடுத்தால் நெரிசல் தானாகக் குறையும்" என்று இதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனால் 2004 ஜூலையில் சியோல் தன் பேருந்துத் தடங்களையே மாற்றி அமைத்தது. சாலை நடுவே பேருந்துக்குத் தனிப்பாதை. பேருந்திலிருந்து மெட்ரோவுக்கு மாறினாலும் மொத்த தூரத்துக்கு ஒரே கட்டணக் கணக்கு. ஒன்றை எடுத்தபோதே மாற்றையும் கொடுத்தார்கள். "இயற்கை திரும்பியது" என்பதும் பாதி உண்மைதான். ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றுவது!

மாற்று சரியாகக் கிடைக்காதவர்கள் பாலத்தடியில் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகள். எதிர்த்துப் போராடினார்கள். ஒரு பகுதியினருக்கு தொங்டேமுன் விளையாட்டரங்கில் இடம் கொடுத்தார்கள். சில வருஷத்தில் அந்த அரங்கத்தையும் இடித்து வடிவமைப்பு வளாகம் கட்டினார்கள். மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

பாலத்தை எடுத்தது சரி என்பதுதான் என் கருத்து. ஆனால் போக்குவரத்துக் கணக்கு மேலே ஓடும் வண்டிகளைத்தான் எண்ணும். கீழே பிழைப்பவர்களைத் தனியாகத்தான் எண்ணணும், அதுவும் இடிக்கிறதுக்கு முன்னாடியே.