எம்ஜிபி: ஒரு பம்பர் சட்டமும் ஒரு காரின் சாய்வும்

இலக்கிய அமர்வில் காரின் அடிப்பாகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஓலைச்சுவடியைப் படிப்பதுபோல ஓர் இயந்திரத்தையும் படிக்கலாம் என்பது என் எண்ணம். எந்த இடத்தில் காசு மிச்சம் பிடித்தார்கள், எந்தச் சட்டத்துக்குப் பணிந்தார்கள் என்பதெல்லாம் இரும்பில் பதிந்து கிடக்கிறது.

இன்று எடுத்துக்கொண்டிருப்பது எம்ஜிபி. 1962இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் என்ற சிற்றூரில் உருவான ஸ்போர்ட்ஸ் கார். சிட் எனெவர் என்ற பொறியாளரின் தலைமையில் வடிவமைக்கப்பட்டது. இதன் 1798 சிசி எஞ்சினும் நம் அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கதையின் முடிச்சும் அங்கேதான் விழுகிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் முட்டினாலும் காரின் விளக்கு முதலான பாதுகாப்பு உறுப்புகள் சேதமடையக் கூடாது. 1974 மாடலிலிருந்து பம்பர் குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. நியாயமான விதிதான். ஆனால் எம்ஜிபி தாழ்வான வண்டி. புதிதாக ஒரு காரை வடிவமைப்பதே சரியான பதில். அப்போதைய உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்டிடம் அதற்குப் பணம் இல்லை. 1975இல் அந்த நிறுவனத்தையே பிரிட்டிஷ் அரசு கையிலெடுக்க நேர்ந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே குறுக்குவழி. 1974இன் பிற்பகுதியில் பளபளத்த குரோம் பம்பர் போய், கனமான கறுப்பு பம்பர் வந்தது. வண்டியின் உடல் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை உயர்த்தப்பட்டது. போதாக்குறைக்கு, செலவைக் குறைக்க, ரோட்ஸ்டர் எனப்படும் திறந்த மாடலில் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். தனியாகக் காசு கொடுத்தால் கிடைக்கும்.

இதன் விளைவு என்ன? வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்புறமாக இழுக்கப்படுகிறது. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு உடல் சாயும். அந்தச் சாய்வை எதிர்ப்பவை ஸ்பிரிங்குகளும் ஆன்டி-ரோல் பாரும். இந்த பார், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து மேடேறினால் அது சும்மா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் முறுகி எதிர்க்கும். எம்ஜிபியில் எடையின் மையத்தை ஏற்றிவிட்டு, சாய்வைத் தடுக்கும் கம்பியைக் கழற்றினார்கள். வளைவுகளில் ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி, வளைவில் படகுபோலச் சாய்ந்தது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் கொடுத்து ஓரளவு சரிசெய்தார்கள். உயரத்தை மட்டும் குறைக்கவில்லை.

தொழிற்சாலை முடிக்காத வேலையை உரிமையாளர்கள் தங்கள் கொட்டகைகளில் முடிக்கத் தொடங்கினார்கள். முதல் வேலை உயரத்தை இறக்குவது. அடுத்தது தடித்த பார். இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காக உயர்கிறது. 9/16 அங்குலக் கம்பிக்குப் பதில் 3/4 அங்குலக் கம்பி போட்டால் விறைப்பு மூன்று மடங்கைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமோ ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை.

ஆனால் விறைப்பை விருப்பம்போல் கூட்டிவிட முடியாது. முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின்பக்கத்தை அதிகம் விறைப்பாக்கினால் வால் வெளியே வீசும். மழைநாளில் அது உயிருக்கே ஆபத்து. சாய்வு குறைந்தாலும் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் எடை பெரிதாகக் குறைவதில்லை. சாயாத வண்டி எல்லாம் பிடிப்புள்ள வண்டி ஆகிவிடாது.

இதனால்தான் அனுபவசாலிகள் மலிவான வேலையிலிருந்து தொடங்குகிறார்கள். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுவது அது. அதே குடும்பத்தின் எம்ஜிபி ஜிடி வி8 மாடலுக்காகச் செய்த புஷ் சாதாரண எம்ஜிபியிலும் பொருந்தும். ஷாக் அப்சார்பரில் ஒரு சிக்கல் உண்டு. பழைய நெம்புகோல் வகை டேம்பரின் கைதான் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் விஷ்போனும். புதிய குழாய் வகையைப் பொருத்தினாலும் பழையதைத் தூக்கியெறிய முடியாமல், பல கிட்களில் அதை வெறும் கீலாக விட்டுவைக்கிறார்கள்.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் நகரம், எம்ஜி தன் ஊருக்கு வந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு தொழிற்சாலையை மூடும் அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியேறியது. பிறகு 1992இல் எம்ஜி ஆர்வி8 என்ற பெயரில் அதே உடலமைப்பு சுமார் 2000 வண்டிகளாகத் திரும்பி வந்தபோது, அதில் நிறுவனமே குழாய் வகை டேம்பர்களைப் பொருத்தியிருந்தது. உரிமையாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததை நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்றே நான் வாசிக்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1975ஆம் ஆண்டு எம்ஜிபியை இறக்கி, பார் போட்டு, குரோம் பம்பர் மாட்டினால் அது மீட்பா, அழிப்பா? எனெவர் மனதில் வைத்த வண்டி திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பணமில்லாத ஒரு நிறுவனம் தொலைதூரச் சட்டம் ஒன்றுக்குப் பணிந்த தடயம் மறைந்துபோகிறது. ஓட்டுகிறவரின் உயிர் முக்கியம். ஆகவே மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் கழற்றிய உயர ஸ்பிரிங்கையும் கறுப்பு பம்பரையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, எந்த வண்டியிலிருந்து எப்போது கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டி, பரணில் வையுங்கள். அடுத்து வாங்குபவரிடம் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.