அம்பேத்கரின் வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை

பரோடா அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை என்பது, இன்றைய குஜராத்தில் இருந்த பரோடா சமஸ்தானத்தின் மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட் தம் அரசுச் செலவில் மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவதற்காக வழங்கிய உதவியாகும். 1913ஆம் ஆண்டு இதைப் பெற்றவர்களுள் ஒருவர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். இந்த உதவித்தொகை இல்லையென்றால் கொலம்பியாவும் லண்டனும் அவருக்கு எட்டியிருக்காது. அதே சமயம், அதன் கால வரம்பும் பணி ஒப்பந்தமும் அவரது ஆய்வைப் பாதியில் நிறுத்தின. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், பிற்காலத்தில் அரசிடம் வெளிநாட்டு உதவித்தொகை கேட்டு அவர் ஏன் அவ்வளவு வாதாடினார் என்பது புரியும்.

அன்றைய வாய்ப்புகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சொந்தப் பணம் இல்லாத இந்திய மாணவர் ஒருவர் கடல் கடந்து படிக்க மிகச் சில வழிகளே இருந்தன. கில்கிறிஸ்ட் உதவித்தொகை அவற்றுள் பெயர் பெற்றது. இந்தியா முழுவதற்கும் பொதுவாக நடந்த போட்டித் தேர்வில் வென்றவர்களுக்கு அது கிடைத்தது. பல மொழிகளில் தேர்ச்சி வேண்டியிருந்தது. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் 1882இல் இந்த உதவித்தொகையால்தான் எடின்பரோ சென்று, 1887இல் அங்கே அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1892இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது கடனாகப் பணம் கொடுத்து, படித்து முடித்தபின் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சமஸ்தானங்களின் உதவி இவற்றிலிருந்து வேறுபட்டது. அங்கே தேர்வு கிடையாது, விதிமுறை நூலும் கிடையாது. மன்னரோ திவானோ மனம் வைத்தால் கிடைக்கும். 1888இல் இளைஞர் காந்தி போர்பந்தர் சமஸ்தானத்தில் உதவி கேட்டபோது, முதலில் பட்டம் பெற்று வா என்று ஆங்கிலேய நிர்வாகி திருப்பி அனுப்பிவிட்டார். காந்திக்குக் குடும்பம் இருந்தது, கடன் வாங்கவும் நகையை விற்கவும் முடிந்தது. அம்பேத்கருக்கு அப்படி ஒரு பின்புலம் இல்லை. பட்டம் பெற்ற கையோடு பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அவர், 1913 பிப்ரவரியில் தந்தையை இழந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதும் அவர் தோளில் விழுந்தது.

சயாஜிராவ் கல்வியில் ஆர்வம் மிகுந்தவர். 1906இல் தம் சமஸ்தானம் முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியை நடைமுறைப்படுத்தினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தபோதே அம்பேத்கருக்கு மாதம் 25 ரூபாய் வழங்கியவரும் அவர்தான். அமெரிக்காவுக்குச் சில மாணவர்களை அனுப்ப மன்னர் எண்ணியபோது, விண்ணப்பம் கொடுக்கும்படி அம்பேத்கரிடம் சொல்லப்பட்டது.

ஒப்பந்தம்

1913 ஜூன் 4ஆம் நாள் அம்பேத்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை தரப்படும். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அப்போது அவருக்கு வயது 22.

அந்த ஆண்டு ஜூலையில் அவர் நியூயார்க் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முதன்மைப் பாடம். ஆனால் சமூகவியல், வரலாறு, மெய்யியல், மானுடவியல் என்று கண்ணில் பட்ட வகுப்புகளில் எல்லாம் சேர்ந்தார். பொது நிதியியல் அறிஞர் எட்வின் செலிக்மனும் மெய்யியலாளர் ஜான் டூயியும் அவருக்கு ஆசிரியர்கள். கிடைத்த பதினொன்றரைப் பவுனில் உணவுக்குக் கொஞ்சம், ஊரில் இருந்த மனைவி ரமாபாய்க்குக் கொஞ்சம், பழைய புத்தகக் கடைகளுக்கு மிச்சம் என்று செலவிட்டார். பணம் குறைவு என்பதைவிட, நாள்கள் எண்ணப்படுகின்றன என்பதே அவரை விரட்டியது. இரவு பகலாக அவர் படித்ததைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் சொல்வது வழக்கம். அதில் உதவித்தொகையின் காலக்கெடுவுக்கும் பங்கு உண்டு.

1915இல் பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வுரைக்காக முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள், மானுடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகளின் தோற்றம், இயக்கம் குறித்த கட்டுரையை வாசித்தார். அடுத்த மாதமே இந்தியாவின் தேசிய வருவாய் பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மூன்று ஆண்டு முடிந்திருந்தது.

பாதியில் நின்ற படிப்பு

அம்பேத்கர் அதோடு நிறுத்த விரும்பவில்லை. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு செய்யவும், கிரேஸ் இன்னில் வழக்கறிஞர் படிப்பு படிக்கவும் திட்டமிட்டார். உதவித்தொகையை நீட்டிக்கும்படி பரோடாவுக்கு எழுதினார். ஓராண்டு மட்டும் நீட்டிப்புக் கிடைத்தது. செலிக்மன் கொடுத்த அறிமுகக் கடிதங்களுடன் 1916இல் லண்டன் சென்றார்.

ஓராண்டில் ஓர் ஆய்வுப் பட்டம் முடியாது என்பது பரோடா அலுவலகத்துக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கோப்பில் இருந்தது ஆய்வின் நிலை அல்ல, தொகை முடியும் தேதிதான். 1917 கோடையில் திரும்பி வரும்படி தகவல் வந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரது புத்தகங்கள் தனிக் கப்பலில் அனுப்பப்பட்டிருந்தன. அந்தக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. சாமான்களுக்காகக் கிடைத்த ஈட்டுத்தொகைதான் பரோடா செல்லும் வழிச்செலவுக்கு உதவியது என்பது இதில் ஒரு விநோதம்.

பரோடாவில் நடந்தவற்றை அம்பேத்கரே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் விவரித்திருக்கிறார். இரண்டு கண்டங்களில் படித்துத் திரும்பிய அரசு அலுவலருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை இல்லை. இந்து விடுதிகள் சேர்த்துக்கொள்ளா. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். நாள் வாடகை ஒன்றரை ரூபாய். பகலில் கணக்காயர் அலுவலகத்தில் பயிற்சிநிலை அதிகாரி. இரவில் விளக்கில்லாத மாடியில் வௌவால்களுக்கு இடையே தனி ஆள். பதினோராம் நாள் காலை, தடிகளுடன் வந்த பார்சிகள் கூட்டம் அவர் யார் என்று கேட்டு, மாலைக்குள் வெளியேறச் சொன்னது. அரசு வீடு கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம் அசையவில்லை. நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்த்தார். இருவரும் வெவ்வேறு காரணம் சொல்லித் தட்டிக்கழித்தனர். அன்று மாலை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

உதவித்தொகை ஒப்பந்தத்தில் மாணவர் செய்ய வேண்டியது பத்து ஆண்டுப் பணி என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பணியை ஒரு தீண்டப்படாத இளைஞர் அந்நகரில் எப்படிச் செய்வது என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சயாஜிராவின் நல்லெண்ணத்தை ஐயப்பட இடமில்லை. ஆனால் மன்னரின் நல்லெண்ணம் அலுவலகக் கடைநிலை ஊழியர் வரைக்கும் இறங்கவில்லை. கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூரத்திலிருந்து மேசை மீது எறிந்த அலுவலகம் அது.

சொந்தப் பணத்தில் மீதிப் படிப்பு

லண்டன் கொடுத்த நான்கு ஆண்டுக் கெடு 1921இல் முடியும். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் பணி கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அதில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். கொலம்பியா நாள்களிலிருந்து நண்பரான நவல் பதேனாவிடம் கடன் வாங்கினார். ஒரு பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டவரின் ஆய்வை முடிக்க ஒரு பார்சி நண்பரின் பணம் உதவியது. 1920 ஜூலையில் மீண்டும் கப்பலேறினார்.

இந்த முறை உதவித்தொகை இல்லை. ஆகவே திரும்பி வா என்று எழுத யாரும் இல்லை. ஆனால் பட்டினி இருந்தது. காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே சென்று, மூடும்போது வெளியே வருவது அவரது வழக்கம். 1921இல் லண்டனில் அறிவியல் முதுகலைப் பட்டமும், 1922இல் வழக்கறிஞர் தகுதியும் பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை 1922 அக்டோபரில் சமர்ப்பித்தார். தேர்வாளர்கள் சில பகுதிகளைத் திருத்தச் சொன்னார்கள். கையில் பணம் தீர்ந்துவிட்டதால் 1923இல் இந்தியா திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டு இறுதியில் அறிவியல் முனைவர் பட்டம் கிடைத்தது.

கொலம்பியா முனைவர் பட்டம் இன்னும் தாமதமானது. ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்த பிறகே பட்டம் வழங்குவது அன்று அப்பல்கலைக்கழகத்தின் விதி. அச்சுச் செலவு மாணவருடையது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி பற்றிய நூல் 1925இல்தான் லண்டனில் அச்சேறியது. பட்டம் 1927இல் வந்தது. மூன்று ஆண்டு உதவித்தொகையில் தொடங்கிய படிப்பு முறையாக முடிய 14 ஆண்டுகள் ஆயின. அந்த நூலை அம்பேத்கர், தம் கல்விக்குச் செய்த உதவிக்கு நன்றியாக சயாஜிராவ் கெயிக்வாட்டுக்குக் காணிக்கையாக்கினார். பரோடா நாள்களைப் பற்றி எழுதியவரும் இந்தக் காணிக்கையை எழுதியவரும் ஒருவரே. ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிட முடியாது.

மன்னர் தயவிலிருந்து அரசுத் திட்டத்துக்கு

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு குறிப்பாணை கொடுத்தார். அதில் கல்விக்குத் தனி இடம் இருந்தது. இந்தியாவுக்குள் அறிவியல், தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு உதவித்தொகை வேண்டும், வெளிநாட்டில் உயர்கல்வி பெறவும் தனியே பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார்.

வெளிநாட்டுப் படிப்பை அவர் ஏன் வலியுறுத்தினார் என்பது கவனிக்கத்தக்கது. எழுத்தர்களும் பட்டதாரிகளும் பெருகினால் மட்டும் போதாது, நிர்வாகத்தை மேலிருந்து பார்க்கும் பதவிகளில் ஆள் வேண்டும் என்பது அவரது வாதம். ஒரு கோட்டையின் காவல் இடத்தில் நிற்பவருக்குத்தான் நாலாபுறமும் தெரியும் என்ற பொருளில் அதைப் பேசினார். அலிகருக்கும் பனாரசுக்கும் ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் தரும் அரசு, இம்மக்களுக்கு அதே அளவு தரக் கூடாதா என்றும் கேட்டார். அரசு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை தொடங்கியது. ஒரு குழுவினர் அரசுச் செலவில் இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டனர்.

விடுதலைக்குப் பின் 1954-55இல் இந்திய அரசு தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு வெளிநாடு செல்லும் பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பத்தினர் ஆகியோருக்கு இது வழங்கப்படுகிறது. நீண்ட காலம் மிகக் குறைந்த இடங்களே இருந்தன. 2021-22 முதல் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. 30 விழுக்காடு பெண்களுக்கு. விண்ணப்பிப்பவரின் வயது 35க்குள்ளும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். முந்தைய பட்டப்படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் அயல்நாட்டு உயர்கல்விக்கு அம்பேத்கர் பெயரில் உதவித்தொகை வழங்குகிறது.

1913இன் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் மாற்றம் பெரிது. மன்னரைச் சந்திக்க அறிமுகம் தேவையில்லை. அறிவிப்பு வெளிவருகிறது, தகுதி எழுதப்பட்டிருக்கிறது, மறுக்கப்பட்டால் கேள்வி கேட்கலாம். ஆனால் எழுதப்பட்ட விதியும் கதவை மூடக்கூடியதே. 2022இல் தேசியத் திட்டத்தின் வழிகாட்டுதலில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூகவியல் ஆய்வுகள் ஆகியவற்றுக்கு இனி இந்த உதவித்தொகை கிடையாது. இவற்றைப் படிக்க இந்தியாவிலேயே போதிய நூல்களும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன என்பது அரசு தரப்பு விளக்கம். சாதியை இங்குள்ள துறைகளின் பார்வைக்கு வெளியே நின்று ஆராயும் வாய்ப்பு போய்விடும் என்று மாணவர்களும் கல்வியாளர்களும் எதிர்த்தனர். அந்த விதி 1913இல் பரோடாவில் இருந்திருந்தால், பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வுரையும், இந்தியாவில் சாதிகள் பற்றிய கருத்தரங்கக் கட்டுரையும் உதவித்தொகைக்குத் தகுதியற்ற தலைப்புகளாகியிருக்கும்.