எதிர்பார்ப்பெல்லையும் மரபு மீறிய முடிவும்: தமிழ்த் திரைப்பட நுகர்வு குறித்து ஓர் ஆய்வு

ஒரு திரைப்படத்தின் முடிவு மரபை மீறியது என்று கூறும்போது, அம்முடிவில் என்ன நிகழ்கிறது என்பதைக் காட்டிலும், பார்வையாளர் அதுவரை எதை நோக்கி அழைத்துச் செல்லப்பட்டார் என்பதே அளவுகோலாக அமைகிறது. ஜெர்மானிய இலக்கிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ், 1967இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தொடக்கவுரையில் இதனை விளக்குவதற்கு ‘எதிர்பார்ப்பெல்லை’ என்னும் கருத்தாக்கத்தைப் பயன்படுத்தினார். முன்பு படித்த நூல்களிலிருந்தும், இலக்கிய வகைமைகள் பற்றிய பழக்கத்திலிருந்தும் வாசகர் திரட்டிக்கொண்டு வரும் முன்னறிவுகளின் தொகுதியே அது. அவ்வெல்லைக்கும் படைப்புக்கும் இடையிலுள்ள தொலைவே அழகியல் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்றும், எல்லைக்குள்ளேயே அடங்கி நிற்பது பொழுதுபோக்கின் அருகில் போய்விடுகிறது என்றும் அவர் வாதிட்டார். இக்கருத்தின் முற்பகுதி தமிழ்த் திரைப்படத்துக்கு நன்கு பொருந்துகிறது. பிற்பகுதியோ பெரிதும் திருத்தப்பட வேண்டியதாக உள்ளது.

எம்.ஜி.ஆர். நடித்த இரு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். டி. யோகானந்த் இயக்கத்தில் 1956இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ படத்தில் நாயகன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறக்கிறான். அவனைச் சார்ந்த பெண்களும் உயிர் துறக்கின்றனர். எனினும் அப்படம் பெருவெற்றி பெற்றது. டி.ஆர். ராமண்ணா இயக்கத்தில் 1962இல் வெளிவந்த ‘பாசம்’ படத்திலும் நாயகன் இறக்கிறான். அப்படம் வெற்றி பெறவில்லை என்பதோடு, நாயகனின் சாவை ரசிகர்கள் ஏற்க மறுத்ததே அதற்குக் காரணம் என்பது திரைப்பட வரலாற்றில் தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது. ஒரே நடிகர், ஒரே வகையான இழப்பு, ஆனால் நேர்மாறான இரு வரவேற்புகள். மதுரை வீரனின் கதையைக் கூத்திலும் கதைப்பாடலிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலருகே அவ்வீரன் தெய்வமாக நிற்பதைக் கண்டு வணங்கியவர்களுக்கு, அவன் எப்படி இறந்தான் என்பது நுழைவுச்சீட்டு வாங்கும் முன்பே தெரியும். அவர்களுக்கு அச்சாவு தெய்வமாதலின் வாயில். ‘பாசம்’ படத்துக்கு அத்தகைய முன்கதை எதுவும் துணை நிற்கவில்லை.

இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட ஆறாண்டுகளில் எம்.ஜி.ஆரின் திரையுரு மாறிவிட்டது என்னும் மறுப்பு வலுவானது. ‘நாடோடி மன்னன்’ (1958) போன்ற படங்கள் வழியாக அவர் வெல்பவராக, காப்பவராக நிலைபெற்றுவிட்டார் என்பது உண்மையே. ஆனால் இம்மறுப்பு வாதத்தைக் குலைக்கவில்லை, அதற்கு வலுவூட்டவே செய்கிறது. ‘பாசமலர்’ (1961) படத்தில் சிவாஜி கணேசன் தங்கையோடு சேர்ந்து இறந்தபோது அக்காலத்துப் பார்வையாளர்கள் அதனைக் கண்ணீரோடு ஏற்றனர். ஆகவே சோக முடிவைப் பொறுக்காத காலம் என்று ஒன்றைக் கற்பிக்க இயலாது. நடிகரின் பெயரே ஓர் எதிர்பார்ப்பெல்லையாக இயங்குகிறது. சிவாஜியின் பெயர் துயரத்தைத் தாங்கும் உரிமையைப் பார்வையாளருக்கு அளித்தது, எம்.ஜி.ஆரின் பெயர் அதனைத் தரவில்லை.

இதனினும் நுட்பமானது பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982). விபத்தில் நினைவிழந்து குழந்தை மனத்தினளாகிவிட்ட பெண்ணை மீட்டு, மலையூரில் தன் வீட்டில் வைத்துப் பேணும் ஆசிரியர், அவள் நினைவு திரும்பி ரயிலில் புறப்படும்போது, அவளைச் சிரிக்க வைத்த குரங்குச் சேட்டைகளை நடைமேடையில் மீண்டும் ஆடிக்காட்டுகிறார். அவளோ அவரை யாரென்று அறியாமல், மனம் பிறழ்ந்தவர் எனக் கருதிச் செல்கிறாள். பிரிந்தவர் ஓர் அடையாளத்தால் ஒருவரையொருவர் இனங்காண்பது நம் கதைமரபின் பழைய உத்தி. சகுந்தலையின் மோதிரம் முதல், பிரிந்த சகோதரர்களைச் சேர்த்துவைக்கும் திரைப்படக் குடும்பப் பாடல் வரை அதன் நீட்சியைக் காணலாம். பாலு மகேந்திரா அவ்வுத்தியைக் கைவிடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அடையாளம் நீட்டப்படுகிறது, உரக்க, மீண்டும் மீண்டும், உடல் முழுவதாலும் நீட்டப்படுகிறது. பெற்றுக்கொள்ள வேண்டியவளிடம் அதனை அறியும் நினைவு இல்லை. மரபான முடிவின் வடிவம் முழுமையாக இருக்க, அதன் பயன் மட்டும் எடுக்கப்பட்டுவிடுகிறது. நினைவு திரும்பினால் இடைப்பட்ட காலம் அழியக்கூடும் என்னும் அச்சம் கதையின் ஊடே விதைக்கப்பட்டிருப்பதோடு, தோன்றிய சிறுபொழுதில் மறையும் பிறையைத் தலைப்பாகக் கொண்டிருப்பதும் பார்வையாளரை அறியாமலே அவரை ஆயத்தப்படுத்துகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இழவை அழுகைக்கும் புதுமையை மருட்கைக்கும், அதாவது வியப்புக்கும், நிலைக்களன்களாகப் பிரித்து வைத்திருப்பது இங்கு உதவுகிறது. ஆயத்தமின்றி வரும் முடிவு மருட்கையோடு நின்றுவிடும். உள்ளூர அஞ்சிய ஒன்று நிகழும்போதுதான் அழுகை பிறக்கும். எனவே தொலைவு மட்டும் போதாது. உடைக்கப்படும் எதிர்பார்ப்பின் இடத்தில் அமர்வதற்கு மற்றோர் எதிர்பார்ப்பைப் படமே முன்கூட்டி வளர்த்திருக்க வேண்டும்.

தமிழில் 300 நாட்களுக்கு மேல் ஓடிய இப்படத்தை அதே இயக்குநர், அதே முதன்மை நடிகர்கள், அதே முடிவோடு 1983இல் இந்தியில் ‘சத்மா’ என எடுத்தபோது அது வணிக வெற்றி அடையவில்லை. இத்தகைய வேறுபாட்டை ஒரு காரணத்தில் மட்டும் அடக்கிவிட முடியாது எனினும், முடிவின் ஆற்றல் முடிவுக்குள்ளேயே அடைபட்டிருப்பதாகக் கொள்ளும் திறனாய்வுக்கு இந்நிகழ்வு கடினமான கேள்வியாகவே நிற்கிறது. மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991) இதன் மறுபுறத்தைக் காட்டுகிறது: கர்ணனின் சாயலில் படைக்கப்பட்ட சூர்யா இறுதியில் உயிரோடு இருக்க, துரியோதனன் சாயலிலான தேவராஜ் கொல்லப்படுகிறார். பாரதம் அறிந்தவருக்கு இங்கு நாயகன் பிழைப்பதே மரபு மீறல். ஆனால் ரஜினிகாந்தின் பெயர் எழுப்பிய எதிர்பார்ப்பு இதிகாசம் எழுப்பியதைவிட வலிமை வாய்ந்திருந்ததால் அம்மீறல் மீறலாகவே உணரப்படவில்லை.

இத்துறையில் இதுவரை போதிய கவனம் பெறாத சான்று ஒன்று உண்டு. திரையரங்க வாயில்களில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், பாடல்களோடு கதைச்சுருக்கத்தையும் அச்சிட்டு, முடிவுக்குச் சற்று முன்னே நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு வாசகரைக் கேட்டுக்கொண்டன. ஒரு படத்தின் முடிவு குறித்து மக்களிடம் என்ன எதிர்பார்ப்பு திட்டமிட்டு எழுப்பப்பட்டது என்பதற்கு இதனினும் நேரடியான ஆவணம் கிடைப்பது அரிது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகங்களில் பேணப்படும் இப்புத்தகங்களின் கதைச்சுருக்கம் எந்த இடத்தில், எந்தச் சொல்லில் நிறுத்தப்பட்டது என்பதைப் படங்களின் முடிவுகளோடு ஒப்பிட்டு ஆராய இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். அத்தாள்கள் பொடிந்து உதிர்வதற்கு முன் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.