சும்மா ஓடும் ஒயிலின் வரலாறு

எங்கட மாமா ஒரே மாதத்தில் இரண்டு பம்ப் மாற்றினார். பிழை பம்பில் இருக்கவில்லை. அந்தப் பிழைக்குப் பின்னால் நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. கலைப்பீட மாணவன் ஹைட்ரோலிக் பற்றி எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு இது வரலாற்றுக் கட்டுரைதான்.

1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டிச் சனமும் கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மாமா இருபது வருடம் புத்தளத்தில் இருந்தார். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, சேர்த்து வைத்த காசில் ஒரு பழைய நாலு சில்லு ட்ரக்டர் வாங்கினார். ஊர் மணலில் உழுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாலத்தைத் தாண்டி உயிலங்குளம், முருங்கன் பக்கம் போய்க் கட்டுக்கரைக் குளத்து வயல்களில் வாடகைக்கு உழுவார். உழவு இல்லாத நாட்களில் பெட்டி கொழுவி மணல், கல், நெல் ஏற்றுவார்.

அந்தப் பெட்டியை ஹைட்ரோலிக்கில் தூக்கிக் கொட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். எஞ்சினோடு சேர்ந்து ஓடும் ஒரு தனிப் பம்ப், ஒரு ஒயில் டாங்கி, ஒரு சிலிண்டர் எல்லாம் பூட்டினார். கட்டுப்படுத்துகிற வால்வை மட்டும் பழைய இரும்புக் கடையில் வாங்கினார். ஏதோ ஒரு பெரிய வெளிநாட்டு மெசினில் இருந்து கழற்றிய சாமான். பார்க்கப் புதுசு மாதிரி, விலையும் குறைவு.

பெட்டி நன்றாகத் தூக்கியது. ஆனால் லீவரைத் தொடாத நேரத்திலும் எஞ்சின் முக்கியது, பம்ப் கத்தியது, ஒயில் டாங்கியில் கை வைக்க முடியாத சூடு. இரண்டு கிழமையில் பம்ப் போனது. புதுப் பம்ப் போட்டார். அதுவும் போனது. காலபோக விதைப்புக்கு ஆயத்தமாக வேண்டிய நேரம். உழவுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் முருங்கன் பக்கத்து வயசான மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, பம்ப் பிரஷர் தாறேல்ல. பம்ப் ஒயிலைத் தள்ளும், அவ்வளவுதான். பிரஷரை உண்டாக்கிறது பாரம்."

இந்த வசனம் எனக்கு உடனே விளங்கவில்லை. வயல் வாய்க்காலை வைத்துத்தான் விளங்கியது. வாய்க்காலில் தண்ணி சும்மா ஓடும்போது மட்டம் உயராது. குறுக்கே பலகை போட்டால் உயரும். தண்ணிக்குப் போக வழி கிடைக்கிற மட்டம் வரை உயரும், அதற்கு மேல் உயராது. வழியே கிடைக்காவிட்டால் வரம்பை உடைக்கும். அதனால்தான் குளத்துக்கு வான் கட்டி வைத்திருக்கிறார்கள். மட்டம் மிஞ்சினால் வான் பாயும், கட்டு தப்பும்.

சாதாரண ட்ரக்டரில் இருக்கிற 'திறந்த மைய' ஹைட்ரோலிக்கும் அப்படித்தான். எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் பம்ப் ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். லீவர் நடுவில் இருக்கும்போது வால்வின் நடுப்பாதை திறந்திருக்கும். ஒயில் அதனூடாக டாங்கிக்கே திரும்பிப் போய்விடும். தடுக்க ஒன்றும் இல்லாததால் அழுத்தம் மிகக் குறைவு. லீவரை இழுத்தால் அந்தப் பாதை அடைபட்டு, ஒயில் சிலிண்டருக்குப் போகும். அங்கே பாரம் இருக்கிறது. அழுத்தம் அந்தப் பாரத்தைத் தூக்கத் தேவையான அளவுக்கு ஏறி அங்கேயே நிற்கும். சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 50 சதுர சென்றிமீற்றர் என்று வைப்போம். அதன்மேல் 2,500 கிலோ பாரம் என்றால் ஒரு சதுர சென்றிமீற்றருக்கு 50 கிலோ அழுத்தம். பாரம் 5,000 கிலோ என்றால் 100 கிலோ. பம்ப் அதே பம்ப், வேகமும் அதே வேகம். மாறியது பாரம் மட்டும். பிஸ்டன் கடைசி வரை போய் முட்டினால் அழுத்தம் விறுவிறு என்று ஏறும். அப்போது ரிலீஃப் வால்வு திறந்து ஒயிலை டாங்கிக்கு விடும். அதுதான் எங்கட குளத்து வான்.

இனி வரலாறு. மூடிய திரவத்தில் கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதைப் பிரான்ஸ் நாட்டுப் பிளேஸ் பாஸ்கல் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு 1663இல்தான் அந்த நூல் அச்சேறியது. அதை வேலைக்குக் கொண்டுவர நூற்றுமுப்பது வருடம் ஆனது. 1795இல் இங்கிலாந்தில் பூட்டுச் செய்கிற ஜோசப் பிராமா ஹைட்ரோலிக் அழுத்திக்குக் காப்புரிமை எடுத்தார்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்து வேறொரு வழியில் போனது. லண்டனில் 1883இல் தொடங்கிய ஒரு கம்பனி, அழுத்தம் ஏற்றிய தண்ணீரைத் தெருவுக்குக் கீழே குழாய் போட்டு விற்றது. சதுர அங்குலத்துக்கு 800 பவுண் அழுத்தம், இரவு பகலாக. ஹோட்டல் லிஃப்ட், துறைமுகத்துக் கிரேன், நாடக அரங்கின் திரை எல்லாம் அதில் இயங்கின. 1977 வரை அந்தச் சேவை இருந்தது. இங்கே முறை தலைகீழ். அழுத்தம் எப்போதும் குழாயில் காத்திருக்கும், திறந்தால்தான் ஓட்டம். குளத்தில் தண்ணியைத் தேக்கி வைத்துத் துருசைத் திறக்கிற மாதிரி. 'மூடிய மையம்' என்று பின்னால் பெயர் வந்த முறையின் மூத்த வாப்பா இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ட்ரக்டருக்கு ஹைட்ரோலிக்கைச் சரியாகப் பொருத்திக் காட்டியவர் வட அயர்லாந்துக்காரரான ஹரி பெர்குசன். அந்தக் காலத்தில் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் ட்ரக்டர் முன்பக்கம் எழும்பி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளியில் ட்ரக்டரோடு சேர்த்து, ஹைட்ரோலிக் கையால் தூக்கினார். 1938இல் ஹென்றி போர்ட்டோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வெறும் கைகுலுக்கலில் கூட்டுச் சேர்ந்தார். 1939இல் ட்ரக்டர் வந்தது. பிறகு ஹென்றி போர்ட்டின் பேரன் காலத்தில் கூட்டு முறிந்து, வழக்காகி, 1952இல் 92.5 இலட்சம் டொலருக்கு முடிந்தது.

பெர்குசனின் பம்ப் இந்த இரண்டு வகையிலும் சேராது. அவர் வால்வைப் பம்பின் உறிஞ்சுகிற பக்கத்தில் வைத்தார். தூக்க வேலை இல்லாவிட்டால் பம்ப் சுற்றும், ஆனால் ஒயில் எடுக்காது. வழக்கு முடிந்தபோது போர்ட் இந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று. 1953இல் வந்த புதிய போர்ட் ட்ரக்டரில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து எந்நேரமும் ஒயிலை ஓட்டியது. ஒயில் எந்த வழியால் ஓட வேண்டும் என்பதில் நீதிமன்றத்துக்கும் பங்கு இருந்திருக்கிறது.

திறந்த மையம் பரவியதற்குப் பெரிய காரணம் மலிவு. இரண்டு பல்லுச் சில்லு வைத்த சின்னப் பம்ப் போதும். கொஞ்சம் ஊத்தையையும் தாங்கும், ஊர்ப் பட்டறையிலேயே கழற்றலாம். இந்தியாவில் செய்து எங்கட பக்கம் வருகிற ட்ரக்டர்களில் அநேகமானவை இந்த வழியில் வந்தவைதான்.

பெரிய பண்ணைகளுக்கு வேறு தேவை இருந்தது. ஸ்டியரிங், பிரேக், இரண்டு மூன்று சிலிண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். திறந்த மையத்தில் இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக ஒயில் விட்டால், பாரம் குறைந்த பக்கம்தான் முதலில் போகும். 1960 ஓகஸ்டில் அமெரிக்காவின் டலஸ் நகரத்தில் ஜோன் டியர் கம்பனி தன் புதிய ட்ரக்டர்களைக் காட்டியபோது, அவற்றில் மூடிய மையம் இருந்தது. வேலை இல்லாத நேரம் அந்தப் பம்ப் அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒயில் தள்ளுவதை நிறுத்திவிடும். அதற்கேற்ற வால்வும் நடுவில் மூடியே இருக்கும்.

மாமா வாங்கியது அந்த இனத்து வால்வு.

இனிக் கணக்கு இலகு. திறந்த மையப் பம்புக்குத் தள்ளுவதை நிறுத்தத் தெரியாது. மூடிய வால்வுக்கு நடுவில் வழி விடத் தெரியாது. ஒயிலுக்குப் போக ஒரே வழி ரிலீஃப் வால்வுதான். நிமிடத்துக்கு 30 லீற்றர் ஒயில் 175 பார் அழுத்தத்தில் ரிலீஃப் வால்வால் பாய்ந்தால், கிட்டத்தட்ட 9 கிலோவொட் முழுக்கச் சூடாகப் போகும். சரியான வால்வு நடுவில் நிற்கும்போது அழுத்தம் 5 பார் என்று வைத்தால், அதே ஓட்டத்துக்குக் கால் கிலோவொட்தான். பெட்டி தூக்குகிற நேரம் மட்டும் எல்லாம் சரியாக நடந்தது. அதனால்தான் நாங்கள் ஒருவரும் வால்வைச் சந்தேகப்படவில்லை.

அந்த மெக்கானிக் இந்த வரலாறு எதையும் சொல்லவில்லை. வால்வைக் கழற்றி, லீவரை நடுவில் வைத்து, பம்ப் குழாய் பூட்டுகிற வாசலில் வாயை வைத்து ஊதினார். காத்துப் போகவில்லை. பக்கத்தில் கிடந்த இன்னொரு பழைய வால்வை எடுத்து ஊதினார். மற்றப் பக்கத்தால் காத்து வந்தது. "இதைப் பூட்டுங்க" என்றார்.

நாங்கள் படிக்கிற வரலாற்றில் அரசர்களும் ஒப்பந்தங்களும் யுத்தங்களும் வருகின்றன. வெளியேற்றப்பட்டு இருபது வருடம் கழித்து ஊருக்கு வந்தவர் இரண்டு பம்ப் காசையும் ஒரு போகத்து உழைப்பையும் எப்படி இழந்தார் என்பதற்கான வரலாறு அந்தப் பாடங்களில் இல்லை. அது இரும்புக் கடையில் பெயர்த்தகடு இல்லாமல் கிடக்கிறது. யாரோ ஒருவர் எங்கேயோ எடுத்த முடிவு, கழற்றிய சாமானோடு சேர்ந்து எங்கட கைக்கு வருகிறது. அது எந்த முறைக்குச் செய்யப்பட்டது என்று தெரியாமல் பூட்டினால், செலவு எங்கட தலையில்.

மாமா இப்போது எந்தப் பழைய வால்வைக் கண்டாலும் முதலில் வாயை வைத்து ஊதுகிறார். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். மாமாவுக்கு அது பிரச்சினை இல்லை.