ஒரு பிட்டைத் தொட எத்தனை ஆண்டுகள்?



(நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுதும் படியுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

இரும எண்களைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே ஒரு கேள்வி வந்தது. "ஐயா, ஒரு பிட்டை 0-விலிருந்து 1 ஆக்குவதற்குக் கூடவா வரலாறு இருக்கிறது?" இருக்கிறது. அறுபது ஆண்டு வரலாறு. அதில் உயிர்ப்பலியும் உண்டு. கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மற்றவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். வீட்டுச் சுவர்ப் பலகையில் எட்டு சுவிட்ச் இருந்தால், மூன்றாவதை மட்டும் தட்டலாம், மற்ற ஏழும் அப்படியே இருக்கும். கணினியின் நினைவகத்தில் அது முடியாது. ஒரு பிட்டை மாற்ற வேண்டுமானால் அது இருக்கும் முழு வரிசையையும் (எட்டு, முப்பத்திரண்டு அல்லது அறுபத்து நான்கு பிட்டுகள்) செயலி தன்னிடம் எடுத்து வர வேண்டும், அதில் ஒன்றை மாற்ற வேண்டும், பிறகு முழு வரிசையையும் திரும்ப எழுத வேண்டும். எடு, மாற்று, எழுது என்று மூன்று படிகள்.

வகுப்பு வருகைப் பதிவேட்டின் பக்கத்தை இரண்டு தலைமை மாணவர்கள் தனித்தனியே செராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் முருகனுக்கு டிக் போடுகிறான், இன்னொருவன் செல்விக்கு. முதலாமவன் தன் தாளைக் கொண்டுவந்து பதிவேட்டில் ஒட்டுகிறான். அடுத்தவன் வந்து அதன் மேலேயே தன் தாளை ஒட்டுகிறான். செல்வி வந்திருக்கிறாள், முருகனைக் காணோம். இருவரும் தவறே செய்யவில்லை, ஆனாலும் பதிவேடு தவறு. நிரலாளர்கள் இதை 'ரேஸ்' என்பார்கள். ஆயிரம் முறை சரியாக நடந்துவிட்டு ஆயிரத்தோராவது முறை மட்டும் தலைகாட்டுவது இதன் கெட்ட குணம்.

மூன்று படிகளையும் இடையில் யாரும் நுழைய முடியாத ஒரே படியாக்கினால் சிக்கல் தீரும். அதைத்தான் 'அட்டாமிக்' செயல் என்கிறோம். அணுவைப் பிளக்க முடியாது என்று நம்பிய காலத்துப் பெயர். இயற்பியல் படித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

1964-ல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தபோதே அவற்றின் கட்டளைத் தொகுப்பில் 'டெஸ்ட் அண்ட் செட்' என்று ஒன்று இருந்தது. ஒரு பைட்டை எடுத்து, அதன் முதல் பிட் என்னவாக இருந்தது என்று குறித்துக்கொண்டு, எட்டு பிட்டுகளையும் 1 ஆக்கிவிடும். இடையில் வேறு யாரும் அந்த இடத்தைத் தொட முடியாது. ஒரு பிட்டுக்காக முழு பைட்டையே செலவழிக்கும் ஊதாரித்தனம்தான், ஆனால் வேலை நடந்தது. அடுத்த ஆண்டு, 1965-ல், நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா இப்படிப்பட்ட தனிக் கட்டளை எதுவும் இல்லாமல், சாதாரணமாக எழுதுவதையும் படிப்பதையும் மட்டும் வைத்துக்கொண்டே பல கணினிகள் ஒன்றையொன்று இடிக்காமல் முறை வைத்து வேலை செய்ய முடியும் என்று நிரூபித்தார். அந்தக் கட்டுரை ஒரே ஒரு பக்கம். நூறு பக்கம் புராஜெக்ட் ரிப்போர்ட் கொண்டுவரும் பிள்ளைகள் கவனிக்க.

ஆக, 1965-லேயே நோயும் தெரியும், மருந்தும் தெரியும். இருபது ஆண்டு கழித்து நடந்ததைக் கேளுங்கள்.

தெராக்-25 என்பது கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். பிடிபி-11 என்ற சிறு கணினி அதை இயக்கியது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். 1986-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்தது இது: எலக்ட்ரான் சிகிச்சைக்குப் பதில் எக்ஸ்-ரே என்று திரையில் தட்டிவிட்ட இயக்குநர், உடனே மேலே போய் எழுத்தைத் திருத்தினார். கைப்பழக்கத்தால் மிக வேகமாகத் திருத்திவிட்டார். இயந்திரத்தின் காந்தங்கள் தயாராகச் சுமார் 8 வினாடி ஆகும். அந்த இடைவெளிக்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனித்தது, இன்னொரு பகுதி கவனிக்கவில்லை. திரையில் சரி, உள்ளே தவறு.

நான்சி லெவெசன், கிளார்க் டர்னர் என்ற இருவர் 1993-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, பல பணிகள் பகிர்ந்துகொண்ட மாறிகளைச் சோதிப்பதும் மாற்றுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக அமையவில்லை என்பது. அது ஒன்றே காரணம் என்று சொல்லக் கூடாது. முந்தைய மாடலில் இருந்த இயந்திரவழிப் பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள், புகார்கள் வந்தபோது "அப்படி நடக்க வாய்ப்பே இல்லை" என்று பதில் சொன்னார்கள். என் பார்வையில் அந்தப் பதில்தான் பெரிய குற்றம். ஆனாலும் வருகைப் பதிவேட்டுக் கதை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இனி கெர்னலுக்கு வருவோம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். "இந்தப் பக்கம் பயன்பாட்டில் இருக்கிறது", "இந்த வேலை வரிசையில் நிற்கிறது" என்பது போன்ற தகவல்களுக்கெல்லாம் அது ஒற்றைப் பிட்டுகளையே கொடியாக வைத்திருக்கிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 கணினியில். அந்தச் செயலியில் ஒரு பிட்டைச் சோதித்து 1 ஆக்கும் கட்டளை தயாராகவே இருந்தது. அதன் முன்னால் 'லாக்' என்ற முன்னொட்டைச் சேர்த்தால் போதும், மற்றச் செயலிகள் அந்த இடத்தை நெருங்க முடியாது. அப்போது பெரும்பாலோர் வீட்டுக் கணினியில் ஒரே செயலிதான். 1996-ல் வந்த லினக்ஸ் 2.0-தான் பல செயலிகளை ஏற்றுக்கொண்டது, அதுவும் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டுப் போட்டு. வீட்டில் ஒரே ஒரு குளியலறை இருந்து, யார் உள்ளே போனாலும் மற்றவர்கள் வெளியே காத்திருப்பது போல. அந்தப் பூட்டை முழுதாகக் கழற்றி எறிய 2011 வரை ஆயிற்று.

இதற்கிடையில் லினக்ஸ் பல வகைச் செயலிகளுக்குக் குடியேறியது. தொல்லை இங்கேதான். ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு வழக்கம். ஆல்ஃபா, மிப்ஸ், ஆர்ம் போன்றவை வேறு விதம்: "இந்த இடத்தைப் படிக்கிறேன், கண் வைத்திருக்கிறேன்" என்று சொல்லிப் படிக்கும். திரும்ப எழுதும்போது இடையில் யாராவது தொட்டிருந்தால் எழுத்து செல்லாது, மறுபடி முதலிலிருந்து. ஹியூலெட் பேக்கார்டின் பிஏ-ரிஸ்க் செயலியிலோ ஒரே ஒரு கட்டளைதான், "படி, படித்தவுடன் பூஜ்யமாக்கு" என்று. அதனால் அந்தக் கணினிகளில் பூட்டு திறந்திருந்தால் 1, பூட்டியிருந்தால் 0. நமக்குத் தலைகீழாகத் தோன்றும். அதைக் கொண்டு ஒரு பிட்டை நேராக மாற்ற வழியில்லை. ஆகவே நான்கு பூட்டுகளை வைத்துக்கொண்டு, முகவரியைப் பொறுத்து ஏதாவது ஒன்றைப் பூட்டி, குறுக்கீடுகளையும் நிறுத்தி, பிட்டை மாற்றி, பிறகு திறந்துவிட்டார்கள். புதிய செயலிக்குக் கெர்னலைக் கொண்டுபோகிறவர்கள் எடுத்துக்கொள்வதற்கென்று வைத்திருந்த பொதுக் கோப்பிலும் இதே நான்கு பூட்டு வித்தைதான். ஒரு பிட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

நல்ல செயலி வைத்திருந்தவர்கள் அந்தப் பொதுக் கோப்பைத் தொடாமல் தாங்களே அசெம்பிளி மொழியில் எழுதிக்கொண்டார்கள். 64-பிட் ஆர்ம் செயலிக்கும் அப்படியொரு கோப்பு இருந்தது. 2014-ல் அறிவிக்கப்பட்ட ஆர்ம் 8.1 வடிவமைப்பில் "கண் வைத்துப் படிக்கும்" முறையோடு, ஒரே கட்டளையில் பிட்டை மாற்றும் வசதியும் சேர்ந்தது. பழைய செயலிக்கு ஒரு வழி, புதியதற்கு ஒரு வழி என்று இரண்டையும் பராமரிக்க வேண்டியதாயிற்று.

2018-ல் வில் டீக்கன் என்பவர் இதைச் சுத்தம் செய்தார். ஆர்ம் பகுதியைக் கவனித்துவந்த கெர்னல் நிரலாளர் அவர். முழு எண்களின் மீதான அட்டாமிக் செயல்களைத்தான் கெர்னல் ஏற்கனவே எல்லாச் செயலிகளுக்கும் ஒரே பெயரில் தருகிறதே, 'பழைய மதிப்பைத் திருப்பிக் கொடு, இந்தப் பிட்டைச் சேர்' என்ற செயல் அங்கே தயாராக இருக்கும்போது பிட்டுக்கென்று தனியாக ஏன் எழுத வேண்டும் என்பது அவர் வாதம். பொதுக் கோப்பை அதன் மேல் திருப்பி எழுதினார். நான்கு பூட்டுகள் அதிலிருந்து போயின. 64-பிட் ஆர்மின் அசெம்பிளிக் கோப்பும் நீங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 4.19 பதிப்பில் இது சேர்ந்தது. ஒவ்வொரு செயலும் இப்போது நான்கைந்து வரிகள்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்த நான்கைந்து வரிகளில் ஒரு சின்னச் சிக்கனமும் ஒளிந்திருந்தது. "பிட்டைச் சோதித்து 1 ஆக்கு" என்ற செயலில், பிட் ஏற்கனவே 1 ஆக இருந்தால் வீணாக ஏன் எழுத வேண்டும், "1 தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமே என்று முதலில் ஒரு எட்டுப் பார்த்துக்கொள்ளும் வரி அது. பார்த்தால் புத்திசாலித்தனம். நான் திருத்தியிருந்தால் ஓரத்தில் 'நன்று' என்று எழுதியிருப்பேன்.

ஒரு அலுவலகத்தைக் கற்பனை செய்யுங்கள். மனு கொடுக்க வருபவர் மேசையில் மனுவை வைக்கிறார், பிறகு அழைப்பு விளக்கைப் போடப் போகிறார். விளக்கு ஏற்கனவே எரிந்தால், "யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அலுவலர் வருவார், என் மனுவையும் பார்ப்பார்" என்று போய்விடுகிறார். அலுவலர் வந்ததும் முதலில் விளக்கை அணைப்பார், பிறகுதான் மேசையைப் பார்ப்பார். இந்த வரிசை பிசகாதவரை எந்த மனுவும் தவறாது. கெர்னலின் வேலை வரிசை இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

ஆனால் நவீனச் செயலிகள் வேகத்துக்காக வரிசையை மாற்றும். மனுவை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் அது இன்னும் கையிலேயே இருக்கும்போது, விளக்கை எட்டிப் பார்த்துவிடும். எரிகிறது, சரி என்று கிளம்பும். அதே நொடியில் அலுவலர் விளக்கை அணைத்து, வெறும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அதன் பிறகே மனு மேசையில் விழுகிறது. விளக்கு அணைந்திருக்கிறது, இனி வேறு யாராவது வந்து விளக்கைப் போட்டால்தான் உண்டு. முழு அட்டாமிக் செயல் நடந்திருந்தால் "கையில் இருப்பதையெல்லாம் முதலில் மேசையில் வை" என்ற கட்டாயமும் அதோடு சேர்ந்தே வரும். எட்டிப் பார்த்துத் திரும்பும் அந்தச் சிக்கன வரியில் அந்தக் கட்டாயம் இல்லை. இன்டெல் வகைச் செயலிகள் தங்கள் சொந்த 'லாக்' கட்டளையையே பயன்படுத்தியதால் அவற்றில் இந்தச் சிக்கல் எழவே இல்லை.

நான்கு ஆண்டுகள் அது தூங்கியது. ஆப்பிளின் எம்1 செயலியில் லினக்ஸை ஓட வைக்கும் அசாஹி லினக்ஸ் திட்டத்தை நடத்திய ஹெக்டர் மார்ட்டின் அதைப் பிடித்தார். எம்1 வரிசையைத் தாராளமாக மாற்றிப் போடும் செயலி. டெர்மினலுக்கு வர வேண்டிய எழுத்துகள் சில சமயம் வந்து சேராமல் நின்றன. யாருமே குறை சொல்லாத ஒரு பிட் செயலில் போய்த்தான் அந்தத் தடயம் முடிந்தது. கெர்னலின் ஆவணங்களில் ஒன்று, செயல் தோற்றாலும் (அதாவது பிட் ஏற்கனவே 1 ஆக இருந்தாலும்) வரிசை காக்கப்படும் என்றது. இன்னொன்று அப்படி இல்லை என்றது. இரண்டு பாடப்புத்தகத்தில் இரண்டு விடை இருந்தால் மாணவன் என்ன செய்வான்?

2022 ஆகஸ்டில் திருத்தம் சேர்ந்தது. 'சோதித்து 1 ஆக்கு' என்பதிலிருந்து இரண்டு வரிகள், 'சோதித்து 0 ஆக்கு' என்பதிலிருந்து இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. பூட்டுக்கென்றே உள்ள தனி வகைக்கு மட்டும் அந்தச் சலுகை செல்லும் என்று ஆவணத்தையும் திருத்தினார்கள். பூட்டு கிடைக்காதவன் உள்ளேயே போகப் போவதில்லை, ஆகவே அங்கே அது பொருந்தும்.

லினக்ஸ் மூல நிரல் யாரும் இலவசமாகப் படிக்கக் கூடியது. பொறியியல் படிக்கும் பேரப்பிள்ளைகள் பொதுப் பகுதியில் பிட்ஆப்ஸ் ஃபோல்டரைத் திறந்து அட்டாமிக் என்ற கோப்பைப் பாருங்கள், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். செயலிகள் ஏன் வரிசையை மாற்றுகின்றன என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். கேள்விகளைக் கீழே கேளுங்கள்.