பாலர் கல்வி வரலாறு: மூலச் சான்று சொல்வது என்ன?



பாலர் கல்வியைப் பற்றி எழுதும் நம்மவர் பலர் 1816இலிருந்து தொடங்குவதைக் காண்கிறேன். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்ச்சிங்ஸ் முயற்சியால் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தோன்றியது. அங்குத் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அது ஆங்கிலப் பள்ளியின் ஒரு வகுப்பு; பாலர் பள்ளி அன்று.

அடுத்து நாம் காட்டும் சான்று, கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது அச்சட்டம். ஊன்றிப் படித்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். ஒன்று, 7 வயதுக்குக் குறைந்த குழந்தை அதன் கணக்கில் இல்லை. பால்மரம் வெட்டச் சென்ற தாய் திரும்பும்வரை அக்குழந்தைக்குப் புகலிடம் ஆயாக்கொட்டகையே. மற்றொன்று, சட்டம் கடமையைத்தான் சொல்லும். அது நிறைவேறியதா என்பதைக் கல்வி அறிக்கைகளிலும் ஆய்வேடுகளிலும்தான் தேட வேண்டும்.

பாலர் கல்வி தேசியக் கல்வி முறைக்குள் வந்தது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால். இடையில் 180 ஆண்டுகள்! இதை மறைத்தெழுதினால், தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாலர் வகுப்புக் கேட்கும்போது, "உங்களுக்குத்தான் இருநூறு ஆண்டுகளாக இருக்கிறதே" என்பர். அதற்கு என்ன விடை கூறுவோம்?

ஆதலால், ஓர் ஆண்டைக் குறிக்குமுன், அன்று எந்த வயதுப் பிள்ளைக்கு எது கிடைத்தது என்பதை மூலத்திலேயே படித்தறிந்து எழுதுவோம்.